பலேடியம் மாஸ்டர் பிரித்து வைத்த சகோதரர்கள்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எத்தனையோ நாட்டுக் கப்பல்கள் வந்திருக்கின்றன. எத்தனையோ விதமான சாமான்களை இறக்கிவிட்டுப் போயிருக்கின்றன. ஆனால் பலேடியம் மாஸ்டரைப் போன்ற ஒரு சாமானை இதுவரை எந்தக் கப்பலும் இறக்கியதில்லை, இனிமேலும் இறக்கப்போவதில்லை என்று எந்தச் சபையிலும் நான் சத்தியம் செய்வேன்.

அவர் கப்பலில் வந்தவரல்லர். பாலையூற்றில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். துறைமுகத்துக்குப் போகிற வீதியில் இருந்த எங்கள் ரியூசன் நிலையத்தில் உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனம் படிப்பித்தார். நான் அங்கே தமிழ் படிப்பித்தேன். அவர் யாரையும் பெயர் சொல்லி அழைக்கமாட்டார், பாடத்தைச் சொல்லித்தான் அழைப்பார். என்னைத் 'தமிழ்' என்பார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அடுத்த அறையில் இருந்த 'விலங்கியல்' முகம் சுளிப்பதைப் பார்க்கும்வரை.

பலேடியம் என்ற பட்டத்துக்குக் காரணம், இரசாயனத்தில் அவருக்கு உண்மையான பக்தி ஒரேயொரு தாக்கத்தின், அதாவது வேதிவினையின், மீதுதான் இருந்தது. இரண்டு காபன் அணுக்கள் மூன்று பிடியாக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தால் அது அற்கைன். அதற்கு ஐதரசனைக் கொடுத்தால் ஒரு பிடி விட்டு இரண்டு பிடி மிஞ்சும். அது அற்கீன். அங்கே நிறுத்தினால் நல்லது. ஆனால் பலேடியம் என்கிற உலோகம் ஊக்கியாக நின்றால் லேசில் நிறுத்தாது, இரண்டாவது பிடியையும் விடுவித்து ஒற்றைப் பிடியில் கொண்டுபோய் விட்டுத்தான் ஓயும். அதனால் பலேடியத்துக்குக் கொஞ்சம் நஞ்சு வைப்பார்கள். கொல்லுகிற நஞ்சல்ல, சோம்பலாக்குகிற நஞ்சு. குயினோலின் என்று அதற்குப் பெயர். இதையெல்லாம் தமிழ் படிப்பிக்கிற நான் எப்படி அறிவேன் என்று கேட்காதீர்கள். அந்த மனிதரோடு ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிட்ட எவருக்கும் இது தெரியும்.

"மூண்டை ஒண்டாக்கிறதுக்கு மூளை தேவையில்லை, தமிழ்," என்பார், சோற்றைப் பிசைந்தபடி. "மூண்டை ரெண்டில நிப்பாட்டுறதுதான் கெட்டித்தனம்."

இந்த ஞானத்தை அவர் குடுவையோடு வைத்திருந்தால் ஒருவருக்கும் கரைச்சல் இல்லை. உலகத்திலுள்ள சண்டைகள் எல்லாமே நஞ்சு வைக்காத பலேடியத்தால் வந்தவை என்பது அவருடைய முடிவு. ஆகவே எங்கே சத்தம் கேட்டாலும் நஞ்சோடு போவார். அவருடைய நஞ்சு ஓர் ஆள். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். அவருக்குப் பித்தப்பையில் கல் எடுத்திருந்தார்கள். அந்தச் சத்திரசிகிச்சையை அவர் சொல்லத் தொடங்கினால் கொதித்துக்கொண்டிருக்கிற ஆளுக்கும் கொட்டாவி வரும். மயக்க மருந்து கொடுக்கிற கட்டம் வருவதற்குள் கேட்டுக்கொண்டிருப்பவர் பாதி மயங்கிவிடுவார். மாஸ்டர் அவருக்குக் குயினோலின் ஐயா என்று பெயர் வைத்திருந்தார். ஐயாவும் அதை ஏதோ ஆங்கிலப் பட்டம் என்று எண்ணிச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்.

கோயில் திருநாளுக்குப் புனிதரின் சுரூபத்தை யார் சுமப்பது என்று இளைஞர்கள் சேட்டைக் கழற்றிக்கொண்டு நின்ற ஒரு பின்னேரம், மாஸ்டர் ஐயாவை நடுவில் கொண்டுபோய் ஒரு கதிரையில் இருத்திவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பித்தப்பை எங்கே இருக்கிறது என்று ஐயா விரலால் காட்டி முடிப்பதற்குள் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சப் பாதி சுரூபத்தைச் சுமந்தது. பங்குத்தந்தை அது செபத்தின் வல்லமை என்று பிரசங்கத்தில் சொன்னார். மாஸ்டர் கடைசி வாங்குப் பலகையில் இருந்தபடி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொரு பைத்தியமும் அவருக்கு உண்டு. ஐதரசன் அணுக்கள் வந்து ஏறுகிற பக்கம். நிலாவெளி பஸ்ஸில் நாங்கள் போகும்போது முன்னால் இருக்கிற தம்பதிகளை ஆராய்வார். பலேடியத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு இரண்டு ஐதரசனும் ஒன்றாக வந்தால் இரண்டும் ஒரே பக்கத்தில் ஏறுமாம். சோடியத்தையும் திரவ அமோனியாவையும் வைத்துக் கடுங்குளிரில் ஒவ்வொன்றாகக் கொடுத்தால் ஒன்று ஒரு பக்கமும் மற்றது எதிர்ப்பக்கமும் போய் இருக்குமாம். எதிர்ப்பக்கம் இருந்தால் ஒன்றையொன்று இடிக்காது, நிம்மதி அதிகம். "உங்க பாருங்கோ, சன்னல் பக்கத்துக்கு அடிபடுகினம். ஒண்டா ஏறின ஆக்கள்," என்று என் காதில் சொல்வார். அவர் சொல்வது பெரும்பாலும் அந்தத் தம்பதிக்கும் கேட்கும்.

இப்படிப்பட்டவர் கையில்தான் எங்கள் நிலையத்தின் தலைவிதி போய் விழுந்தது.

நிலையம் இரண்டு சகோதரர்களுடையது. பெரிய சேர் கணிதம், சின்னச் சேர் பௌதிகம். இருவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரே வீட்டு அக்காவை மூத்தவரும் தங்கையை இளையவரும் கட்டியதால் சகலன்மார். நிலையத்தில் பங்காளிகள். இந்த மூன்று பிடியையும் மாஸ்டர் கண்டுகொண்ட நாளில் அவருக்குக் கால் தரையில் படவில்லை. நடமாடுகிற அற்கைனைக் கண்ணால் பார்த்துவிட்டதாக எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார்.

சகோதரர்களுக்குள் சண்டை ஒரு பதாகையில் தொடங்கியது. புதிதாக அடித்துத் தொங்கவிட்ட பதாகையில் பெரிய சேரின் படம் பெரிதாகவும் சின்னச் சேரின் படம் சிறிதாகவும் இருந்தது. பெரிய சேரின் தலை இயல்பிலேயே பெரிது என்று பதாகை அடித்தவர் கொடுத்த விளக்கம் இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை. அதிலிருந்து மின்விசிறி உள்ள மண்டபம் யாருக்கு, சனிக்கிழமைக் காலை யாருக்கு என்று வளர்ந்து, கடைசியில் இருவரும் முகத்துக்கு முகம் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை மற்றவர் என்னிடம் சொல்லுவார். தமிழ் ஆசிரியர் என்பதால் கெட்ட வார்த்தைகளை நான் கொஞ்சம் இலக்கணமாக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

இருவரையும் பழையபடி சேர்த்துவைக்கப் பங்குத்தந்தை முயன்றார், மனைவிமார் முயன்றார்கள். சேர்த்துவைக்கக் கூடாது என்று அடம்பிடித்தவர் பலேடியம் மாஸ்டர் ஒருவர்தான். பங்காளி என்ற பிடியை மட்டும் விடுவித்தால் அண்ணன் தம்பி, சகலன் என்ற இரண்டும் தப்பும், விடாவிட்டால் மூன்றும் போய்விடும் என்றார். கேட்க அநியாயமாக இருந்தாலும் எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆசிரியர் அறையின் நீள மேசையில் ஒரு பேச்சுவார்த்தை ஏற்பாடானது. சகோதரர்களை மேசையின் ஒரே பக்கத்தில் இருத்தி, எதிரே குயினோலின் ஐயாவை வைத்தார் மாஸ்டர். நஞ்சு நன்றாக வேலை செய்தது. நிலையம் இரண்டாகும், மற்றபடி உறவு உறவாகவே இருக்கும் என்று இருவரும் அரைத்தூக்கத்தில் ஒப்புக்கொண்டார்கள். குரல் உயரவில்லை. மாஸ்டர் மேசைக்குக் கீழால் என் முழங்காலைக் கிள்ளினார்.

அப்போதுதான் குயினோலின் ஐயா, ஆசுப்பத்திரியில் தனக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஆளுடைய கதைக்குள் போனார். அந்த ஆளுக்குச் சந்தைப் பக்கத்து வீதியில் ஒட்டினாற்போல இரண்டு கட்டிடங்கள் சும்மா கிடக்கின்றன என்று ஒரு வார்த்தை விட்டார். தூங்கிக்கொண்டிருந்த இரண்டு சகோதரர்களும் ஒரே நேரத்தில் கண்ணைத் திறந்தார்கள்.

மறு கிழமையே பெரிய சேர் ஒன்றை எடுத்தார், அவருக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சின்னச் சேர் மற்றதை எடுத்தார். ஒரே வீதி, ஒரே பக்கம், இடையில் ஒரு பலகைத் தட்டி. சேதியைக் கேட்ட பலேடியம் மாஸ்டர் கையிலிருந்த தேநீரை அப்படியே கீழே வைத்தார்.

"பிழை என்னிலதான், தமிழ். ஒரே மேற்பரப்பில இருத்தி ஒரே நேரத்தில குடுத்தா ரெண்டும் ஒரே பக்கம்தான் போய் ஏறும். பிள்ளையளுக்கு எத்தினை வருசமாப் படிப்பிக்கிறன். எனக்கு மறந்து போச்சு."

அதற்குப் பிறகு நடந்த கூத்தை அந்த வீதிக்காரர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். மற்ற ஆசிரியர்கள் நாங்கள் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகப் படிப்பித்தோம். பெரிய சேர் ஒலிபெருக்கி வைத்தார். சின்னச் சேர் அதைவிடப் பெரிய ஒலிபெருக்கி வைத்தார். தட்டிக்கு இந்தப் பக்கம் ஊசல் விதி, அந்தப் பக்கம் நுண்கணிதம். கந்தளாயிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பிள்ளை இரண்டையும் சேர்த்து ஒரே கொப்பியில் எழுதிக்கொண்டு போய், வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை என்று அழுதாளாம். இரண்டு வகுப்புப் பிள்ளைகளின் சைக்கிள்களும் ஒரே வாசலில் சிக்கி, வீட்டுக்குப் போகும்போது யார் சைக்கிள் யாருடையது என்று தெரியாமல் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு பேரும் போட்டிக்கு ஒட்டிய சுவரொட்டிகளை நகர வீதிகளில் திரிகிற மான்கள் வந்து பசையோடு தின்றன. அந்த வீதியில் இருவரையும் சமமாக நடத்தியவை அந்த மான்கள் மட்டும்தான்.

சிரிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்றது. பூசையில் எப்போதும் ஒரே வாங்கில் இருக்கிற அக்காவும் தங்கையும் அன்று வெவ்வேறு வாங்கில் இருந்தார்கள். புருசன்மார் சொல்லித்தான் அப்படி என்று ஊருக்கே விளங்கியது. பூசை முடியும்வரை அக்கா தங்கையின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் என் கையைப் பிடித்து, இரண்டாவது பிடியும் போகுது, இனி ஒற்றைதான் என்று மெல்லச் சொன்னார். அன்று அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

யாராவது ஒருவரை வீதிக்கு எதிர்ப்பக்கம் போகச் சொன்னால் என்ன என்று நான் கேட்டேன். அது நடக்காதாம். இரட்டைப் பிணைப்பைப் பிடித்துத் திருக ஏலாதாம். முதலில் திரும்பவும் மும்மையாக்க வேண்டும், பிறகு சோடியமும் அமோனியாவும் போட்டு ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். எனக்குத் தலை சுற்றியது. பிரித்ததைச் சேர்த்து, சேர்த்ததைத் திரும்பப் பிரிக்கிறதா என்றேன். ஓம் என்றார், ஏதோ கடைக்குப் போய்ச் சீனி வாங்குகிற விசயம் மாதிரி.

அடுத்த கிழமை மாரி மழையில் அந்தப் பலகைத் தட்டி விழுந்தது. கறையான் என்றார்கள், காற்று என்றார்கள். மாஸ்டரின் சேட்டில் முழங்கைப் பக்கம் ஏன் மரத்தூளாக இருந்தது என்று நான் கேட்கவில்லை. தச்சன் மழை விடட்டும் என்றுவிட்டான். இரண்டு கட்டிடமும் ஒரே மண்டபமாகிவிட்டதால் காலையில் அண்ணனும் பின்னேரத்தில் தம்பியும் மாறி மாறிப் படிப்பித்தார்கள். வெண்கட்டி ஒன்றாயிற்று, தேநீர்க் கேத்தில் ஒன்றாயிற்று. ஒருநாள் அண்ணன் எழுதிய சமன்பாட்டை அழிக்காமல் தம்பி அதிலிருந்தே பாடத்தைத் தொடங்கினார் என்று பிள்ளைகள் ஓடிவந்து சொன்னார்கள்.

எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோஷம். திரும்பப் பங்காளியாகிவிடலாம் என்றுகூட இருவரும் யோசிக்கத் தொடங்கினார்கள். இப்போதுதான் பிரிக்க வேண்டும் என்று மாஸ்டர் புறப்பட்டார். எனக்கு உண்மையில் கோபம் வந்துவிட்டது. சேர்ந்தவர்களை விட்டுவிடுங்கள், உங்கள் குடுவையைக் கொண்டு உங்கள் அறையில் விளையாடுங்கள் என்று சத்தம் போட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "மும்மை நேராத்தான் நிக்கும், தமிழ். விறைச்சுக்கொண்டு நிக்கும், வளைஞ்சு குடுக்கத் தெரியாது. உந்த ரெண்டு பேரும் திரும்பப் பங்காளியானா அடுத்த பதாகையோட முடிஞ்சுது. அதுக்குப் பிறகு சேர்க்கிறதுக்கு ஒண்டும் மிஞ்சாது."

மறுநாள் பெரிய சேரை அவர் மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் தொழிற்சாலைக்கு அழைத்துப் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஐஸ் கட்டிகள் உருவாகிற உள் அறையில் கொண்டுபோய் நிறுத்தினார். பெரிய சேரின் மூக்குக்கண்ணாடியில் மூச்சு பட்டு ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. வெளியில் மீன் லொறிகள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. கதைக்க வேறு இடமே கிடைக்கவில்லையா என்று பெரிய சேர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். அந்தக் குழாய்களுக்குள் ஓடுவது அமோனியா, இந்தக் கதையை வெக்கையான இடத்தில் கதைக்க ஏலாது என்றார் மாஸ்டர். பெரிய சேர் என்னைப் பார்த்தார். நான் ஐஸ் கட்டியைப் பார்த்தேன்.

மாஸ்டர் சொன்னது ஒரேயொரு விசயம். வீதிக்கு அங்கால் பழைய அச்சகக் கட்டிடம் பெரிது, காற்றோட்டமானது, கணித வகுப்புக்குப் பிள்ளைகள் கூட வருகிறார்கள், அங்கே போங்கள். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தம்பியைப் பற்றி எடுத்தவர் பெரிய சேர்தான். நடுங்கிக்கொண்டு நின்றவர் திடீரென்று சொன்னார்:

"அவன் என்ர தம்பி, மாஸ்டர். தட்டிக்கு அங்கால அவன் இருமினாலும் எனக்குக் கோபம் வந்தது. முந்தி அவன் இருமினா நான்தான் மருந்து வாங்கிக் குடுக்கிறனான். அதை நினைக்க எனக்குப் பயமாக் கிடக்கு."

மாஸ்டர் அவர் தோளைத் தட்டினார். பிறகு மூவரும் வெளியில் வந்து வெயிலில் நின்றோம். பெரிய சேர் கட்டிடத்தை எடுக்கச் சம்மதித்துவிட்டார். அது யோசித்துச் சம்மதித்ததா, குளிர் தாங்காமல் சம்மதித்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் கழித்துச் சின்னச் சேரின் முறை. அதே அறை, அதே குளிர், அதே நான். அண்ணை தானாகப் போகிறார், மறிக்க வேண்டாம், வாசலடியில் நின்று கையை மட்டும் காட்டுங்கள் என்றார் மாஸ்டர். சின்னச் சேர் மெலிந்த மனிதர், சீக்கிரமே சம்மதித்துவிட்டார். எனக்குத்தான் அந்தக் கிழமை முழுவதும் தடிமனும் தும்மலும்.

பெரிய சேர் எதிர்ப்பக்கம் போன பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பக்கத்துப் பக்கத்தில் இருந்தபோது அவர்களுக்கு ஒருவருடைய சத்தம் மற்றவருக்குக் கேட்டது, முகம் தெரியவில்லை. இப்போது சத்தம் கேட்கவில்லை, வாசலுக்கு வந்தால் முகம் தெரிந்தது. வீதிக்கு இங்கால் தம்பி வெறும் வயிற்றோடு படிப்பிக்கிறான் என்று அண்ணனுக்குத் தெரிந்துவிடும், ஒரு பிளேன்ரீ வீதியைக் கடந்து வரும். மழை வந்தால் தம்பி குடையைக் கொடுத்தனுப்புவார். அக்காவும் தங்கையும் பழைய வாங்குக்கு வந்து, விட்ட கதையை விட்ட இடத்திலிருந்து பூசை நேரத்திலேயே தொடங்கினார்கள். பங்காளி என்ற பேச்சை அதற்குப் பிறகு இருவருமே எடுக்கவில்லை.

இப்படிக் கதைக்கத் தொடங்கிய இடத்தில்தான் வில்லங்கம் வந்தது. ஒருநாள் பேச்சுவாக்கில் ஐஸ் தொழிற்சாலை என்று அண்ணன் சொல்ல, என்னையுமல்லோ கொண்டுபோனவர் என்று தம்பி சொல்ல, கணக்குப் போட்டுப் பார்த்ததில் பலகைத் தட்டிவரை எல்லாமே வெளியில் வந்துவிட்டது. மாதக்கணக்கில் ஒன்றிலும் ஒத்துப்போகாத இருவரும் முதன்முதலாக ஒத்துப்போன விசயம், பலேடியம் மாஸ்டர் தங்களை வைத்து விளையாடியிருக்கிறார் என்பது. இரசாயன வகுப்பை அடுத்த மாதம் பார்ப்போம் என்றார் ஒருவர். அதற்கடுத்த மாதம் பார்ப்போம் என்றார் மற்றவர். மாஸ்டர் கந்தளாய்க்குப் பஸ் ஏறிப் படிப்பிக்கப் போனார். சாப்பாட்டு மேசையில் நான் தனியனாகிவிட்டேன். விலங்கியலோடு என்னத்தைக் கதைக்கிறது.

சின்னச் சேரின் மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற முதல் நன்மை நாள் வந்தது. பூசை முடிந்து அவர் வீட்டில் விருந்து. இரண்டு குடும்பமும் ஒரே குசினியில் நின்று சமைத்தார்கள். குயினோலின் ஐயா முன் கதிரையில் இருந்து பித்தப்பையைத் தொடங்கியிருந்தார். நான் சுற்றிப் பார்த்துவிட்டு, பலேடியம் மாஸ்டர் எங்கே என்று கேட்டேன். அண்ணை சொல்லியிருப்பார் என்று நினைத்ததாகத் தம்பி சொன்னார். வீட்டுக்காரன் தம்பிதானே சொல்ல வேண்டும் என்றார் அண்ணன். ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் எதிர்பார்த்த சண்டை வரவில்லை. இருவரும் ஒன்றாக எழும்பி, செருப்பைப் போட்டுக்கொண்டு, வீதியில் போன ஓட்டோவை மறித்தார்கள். நானும் ஏறிக்கொண்டேன்.

மாஸ்டர் சாரத்தை மட்டும் கட்டிக்கொண்டு அறையில் இருந்தார். எங்கள் மூவரையும் மாடிப்படியில் கண்டதும் எழும்பி நின்றார். எதற்கு வந்தோம் என்று விளங்கியதும் கையை ஆட்டி மறுத்தார்.

"எனக்கு ஒரு கோபமும் இல்லை. தாக்கம் முடிஞ்சா ஊக்கிக்கு அங்க வேலை இல்லை. வடிச்சு வெளியில எடுக்கிறதுதான் முறை. நீங்கள் போய்ச் சந்தோஷமாச் சாப்பிடுங்கோ."

சின்னச் சேர்தான் பேசினார்.

"நானும் கொஞ்சம் இரசாயனம் படிச்சனான், மாஸ்டர். பலேடியத்தை வடிச்சு ஆரும் எறியிறேல்லை. கழுவிக் கவனமா எடுத்து வைக்கிறது. இனிக் கிடைக்காத சாமான்."

"சாப்பாடு ஆறுது, வெளிக்கிடுங்கோ," என்றார் பெரிய சேர்.

சேட் எடுக்கிறேன் என்று மாஸ்டர் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அலுமாரியைத் திறந்து தலையை உள்ளே விட்டார். வெகுநேரமாகத் தலை வெளியில் வரவில்லை. அந்த அலுமாரியில் இருந்ததே மூன்று சேட்டுத்தான். அவரை அவசரப்படுத்த எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.